தலைமுறை மாற்றமா, அடித்தள மாற்றமா? தமிழகத் தலித் தலைமை குறித்து ஓர் ஆய்வு

ஒடுக்கப்பட்ட சமூகங்களின் தலைமை கைமாறுவதை, முதியோரின் நிதானத்துக்கும் இளையோரின் வேகத்துக்கும் இடையிலான பூசலாக விளக்குவது வழக்கம். அமெரிக்கக் கறுப்பின அரசியலில், தேவாலயத்தைத் தளமாகக் கொண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் தலைமையையும் 1966இல் ஓக்லாந்தில் தோன்றிய கருஞ்சிறுத்தைகள் கட்சியையும் எதிரெதிரே நிறுத்துவது இதற்கு அறிந்த எடுத்துக்காட்டு. தமிழகத் தலித் தலைமையின் வரலாற்றுக்கு இவ்விளக்கம் போதாது. தலைவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், அவரைத் தாங்கும் மக்கள் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள் என்னும் இரண்டுமே இங்குத் தலைமுறைகளைப் பிரித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி, 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனின் தலைமுறை, காலனிய அரசை நோக்கியே தன் கோரிக்கைகளை வைத்தது. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் கூட்டுத் தொகுதி முறையை, அதாவது ஒதுக்கப்பட்ட இடத்தின் உறுப்பினரையும் எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையை நிலைநிறுத்தியபின், அடுத்த தலைமுறை பெருங்கட்சிகளைச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று. காங்கிரசைச் சேர்ந்த எல். இளையபெருமாளின் தலைமையில் 1965இல் அமைந்த குழு, தீண்டாமையின் அன்றாட வடிவங்களை ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்தது. அதை நிறைவேற்றும் அதிகாரமோ அவர் கையில் இருக்கவில்லை. 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய தலித் சிறுத்தைகள் அமைப்பு, 1972இல் பம்பாயில் உருவான இயக்கத்தின் வழியாகக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. மலைச்சாமியின் மறைவுக்குப்பின் பொறுப்பேற்ற தொல். திருமாவளவன், தேர்தலைப் புறக்கணித்துச் சேரிகளுக்கு மட்டுமே பதில் சொல்லும் தலைமையை 1999 வரை நடத்தினார். அவ்வாண்டு தேர்தலில் இறங்கிய அவ்வியக்கம் 2024இல் இரு மக்களவை இடங்களை வென்றதையடுத்து மாநிலக் கட்சியாக ஏற்பு பெற்றது. ஆயினும் கூட்டணியின்றி வெல்ல இயலாத கூட்டுத் தொகுதியின் பழைய நெருக்கடி அதனையும் விடவில்லை.

வாழ்வாதாரத்தின் பங்கைக் காட்டும் சான்று கோலார் தங்கவயலில் கிடைக்கிறது. பழைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் ஊர்களிலிருந்து சுரங்கத்துக்குச் சென்ற ஆதிதிராவிடர், நுரையீரலை அரிக்கும் தூசியிலும் நெருக்கடியான குடியிருப்புகளிலும் உழன்றபோதிலும், நிலவுடைமையாளரை நம்பாத கூலியைப் பெற்றனர்; ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் அங்குள்ள மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை அவர் காலத்துக்குப்பின் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து மீண்டும் நடத்தியதும், இந்தியக் குடியரசுக் கட்சியினர் சட்டமன்றம் சென்றதும் இந்த அடித்தளத்தின் மேல்தான். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது அத்தலைமையின் ஊற்றும் வற்றத் தொடங்கியது.

கர்நாடக எல்லைக்கு இப்பாலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இன்று ஆலைக் கூலி உண்டு. ஓசூர் சிப்காட்டைத் தொடர்ந்து பர்கூர், போச்சம்பள்ளிப் பகுதியிலும் ஆலைகள் எழுந்துள்ளன. நாகரசம்பட்டி போன்ற ஊர்களின் இளைஞருக்கு வயல் வேலைக்கு மாற்றாக ஆலை வேலையும் பெங்களூர்க் கட்டட வேலையும் அமைந்துள்ளன. ஆனால் நேரடிப் பணி ஆணையின்றி இடைத்தரகர் வழியே அமர்த்தப்படும் ஒப்பந்தத் தொழிலாளர், நிறுவனப் பேருந்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து திரும்புவதால், தங்கவயலில் உருவானதுபோன்ற சங்கமும் குடியிருப்பும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. வெளியூர்க் கூலி வீட்டைக் கட்டித் தரும்; அதைக் காக்கும் அமைப்பைத் தானாகத் தராது என்பதை, அண்டை மாவட்டமான தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட நிகழ்வு உணர்த்திற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஊத்தங்கரை ஒன்றே தனித்தொகுதி என்பதால், தேர்தல் வழியும் குறுகலானதே.

கல்வி பெற்ற இளையோர் எழுத்து, இசை, திரைப்படம் ஆகியவற்றின் வழியே ஒற்றைத் தலைவரை நம்பாத புதிய தலைமையை உருவாக்கிவிட்டனர் என்று இதற்கு மறுப்புக் கூறலாம். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தலித் அரசியலின் மொழியையே மாற்றியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும், 2013இல் அமெரிக்காவில் எழுந்த ‘கறுப்பினத்தோர் உயிர்களும் முக்கியமே’ இயக்கத்தைப் போலவே, பரவலான தலைமை பொதுக் கருத்தை விரைந்து அசைத்தாலும், ஊரின் சுடுகாட்டுப் பாதைக்கும் ஆலையின் பணிநீக்கத்துக்கும் நாள்தோறும் நின்று வாதாடும் ஆட்களை அது தானாக உருவாக்குவதில்லை.

ஆகவே, மேலிருக்கும் பெயர்கள் மாறுவதை மட்டும் தலைமுறை மாற்றமாகக் கணக்கிடுவது பிழை. ஆலைகளில் நிலையான பணியும் சங்கம் அமைக்கும் உரிமையும், தனி ஊராட்சிகளில் தலைவர்கள், சிறப்பாகப் பெண்கள், தடையின்றிச் செயல்படும் நிலையும் உறுதியாகும்போதே, தன் மக்களுக்கு முதலில் பதில் சொல்லும் அடுத்த தலைமுறை இவ்வெல்லைப்பகுதியில் உருவாகும்.