கல்லாய்ச் சமைந்த கடல்

சென்னையிலிருந்து தெற்கே கடலோரச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர், கோவளத்தைக் கடந்ததும் திருவிடந்தை என்னும் ஊரைக் காண்பர். நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், வைணவர்களின் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. மணமாகாத பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் பல ஊர்களிலிருந்தும் இங்கு வருவர். அருகிலுள்ள கோவளத்தில் தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா இருப்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் கட்டுவித்த கோட்டையும் அங்கேதான் இருந்தது. 1752-இல் கிளைவ் அதனைக் கைப்பற்றித் தகர்த்துவிட்டான்.

இந்தக் கரையின் பாறை கருங்கல் இனத்தது. பல்லவர்கள் உளி வைத்த பாறையும் அதுவே. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்பர் நிலநூலார். அத்துணைப் பழமையான பாறையில் உயிரின் சுவடு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல்லோ இப்பகுதியில் கிடையாது. அப்படியானால் கடலோரத்து வீடுகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் எதனால் வெள்ளை பூண்டன? கிளிஞ்சலால்தான். உப்பங்கழிகளில் வாரிய கிளிஞ்சலைக் கரியோடு மாற்றி மாற்றி அடுக்கிக் காளவாயில் சுடுவர். வெந்த கிளிஞ்சலில் நீர் தெளித்தால் அது கொதித்துப் பூத்து மாவாகும். இதற்கு நீற்றுதல் என்று பெயர். மணலோடு கலந்து, மாடு பூட்டிய செக்கில் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினால் சுவர் பளிங்குபோல் மின்னும். சென்னைப் பட்டணத்தின் அந்த வெண்பூச்சைக் கண்டு, இது சலவைக்கல்லோ என்று ஐயுற்ற ஐரோப்பியர் பலர்.

அரபியில் சுண்ணாம்புக்குக் கில்ஸ் என்று பெயர். அதிலிருந்து பிறந்த தக்லீஸ் என்னும் சொல், பொருளைச் சுட்டு நீறாக்கும் வினையைக் குறிக்கும். இரசவாத நூல்களைப் புரட்டியவர்களுக்கு இச்சொல் புதிதன்று. நம் சித்த மருத்துவர்கள் பற்பம் செய்வதும் ஏறக்குறைய இவ்வினையே.

கிளிஞ்சல் சுண்ணாம்பாவதை நம் கண்ணாலேயே காண்கிறோம். எண்ணற்ற கிளிஞ்சல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இறுகி, நிலமே சுண்ணாம்புக்கல்லாகிவிட்ட நாடு ஒன்றும் தமிழகத்திலேயே இருக்கிறது. அதுதான் அரியலூர்ச் சீமை. அரியலூர் என்றதும் 1956-ஆம் ஆண்டு நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நேர்ந்த கொடிய இரயில் விபத்தும், அதன்பின் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியைத் துறந்ததுமே முதியவர்களுக்கு நினைவு வரும். ஆனால் அவ்வூர் மண்ணுக்குள் இருப்பது வேறொரு வரலாறு.

இந்திய நிலம் தென்துருவக் கண்டத்தோடு ஒட்டியிருந்து பிரிந்து விலகியபோதுதான் நமது கிழக்குக் கரை உருவாயிற்று. அதன் பின்னர், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் நிலத்தினுள் ஏறி வந்தது. இன்றைய அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் முழுதும் ஆழமில்லாக் கடலாய்க் கிடந்தது. சில காலம் பின்வாங்கி, மீண்டும் ஏறி, கடைசியில் விலகிற்று. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் சுருட்சங்குகளும் பவளமும் மீன்களும் படிவு படிவாக அடங்கின. ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று அப்படிவுகளுக்கு நிலநூலார் நம் ஊர்ப் பெயர்களையே இட்டிருக்கின்றனர்.

இதனை முதலில் உலகறியச் செய்தவர்கள், சென்னை மாகாணச் சிவில் பணியிலிருந்த கேய், கன்லிப் என்னும் இருவர். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் அவர்கள் பொறுக்கிய கற்கள் இலண்டன் சென்றன. எட்வர்டு போர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் ஹென்றி பிளான்போர்டு இந்நிலத்தை அளந்து 1862-இல் நூலாக்கினார். இவரே பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவர். அவருக்குப்பின் வந்த ஸ்டோலிச்கா, மொராவியா நாட்டவர். தென்னிந்தியக் கல்லுயிர்களைப் பற்றிப் பெரும் நூல்வரிசை ஒன்றை அவர் எழுதி முடித்தார். பிறகு, யாகூப் பேக் ஆண்டுகொண்டிருந்த காஷ்கருக்குச் சென்ற ஆங்கிலத் தூதுக் குழுவோடு போய், திரும்பும் வழியில் 1874-இல் முப்பத்தாறாம் வயதில் மலைநோயால் இறந்தார். லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. அரியலூர்ச் சிப்பியின் வரலாற்றை எழுதியவரை லடாக்கில் அடக்கினார்கள்!

கல்லுக்குள் சிப்பி கண்டு, இங்கே கடல் இருந்தது என்று முடிவு கட்டியவர்கள் ஐரோப்பியர்களே என்று நம் பிள்ளைகளின் பாடநூல்கள் எண்ணவைக்கின்றன. அது சரியன்று. அல்பீரூனி (ஹிஜ்ரி 362–440) நகரங்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறைபற்றி ஹிஜ்ரி 416-இல் முடித்த ‘தஹ்தீது நிஹாயாதில் அமாகின்’ என்னும் நூலில், அரபுப் பாலை ஒரு காலத்தில் கடலாயிருந்து தூர்ந்துபோனது என்கிறார். கிணறு வெட்டும்போது கிளம்பும் சிப்பிகளையே அவர் சான்றாகக் காட்டுகிறார். இந்தியாவைப் பற்றிய நூலிலோ, மலையருகே ஆற்றுக் கற்கள் பெரிதாகவும், தொலைவு செல்லச் செல்லச் சிறுத்தும், முகத்துவாரத்தில் மணலாகவும் இருப்பதைக் கண்டு, வடநாட்டுச் சமவெளி முழுவதும் ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்த பழங்கடல் என்று உணர்ந்துகொண்டார். அவர் காலத்தவரான இப்னு ஸீனா, ‘கிதாபுஷ் ஷிபா’வில், நிலநடுக்கத்தால் மலை உயர்வதையும், நீர் அரித்துப் பள்ளம் தோண்டுவதையும், உயிரினங்கள் கல்லாக மாறுவதையும் விரித்துரைக்கிறார். அப்பகுதி சுமார் 1200-இல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, பல காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே ஐரோப்பாவில் படிக்கப்பட்டது. மதரஸாக்களில் ஷிபாவின் பெயரைச் சொல்கிறோம். அதிலுள்ள கல்லைப்பற்றிய பாடத்தை யாரும் திறப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பீரூனி தென்னாடு வந்தவரல்லர். வந்திருந்தால் காரை என்னும் ஊரின் புறத்தே நின்று மகிழ்ந்திருப்பார். மழை அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்து, புல்லும் முளையாமல் கிடக்கிறது அந்த மண்மேடு. காண்பவர் பயனற்ற கரம்பு என்று கடந்துபோவர். ஒவ்வொரு மழைக்குப்பின்னும் அம்மண்ணிலிருந்து கடலுயிர்களின் கல்லுடல்கள் வெளிப்படுகின்றன. சாத்தனூரில், கடலில் அடித்துவரப்பட்டுக் கல்லாகிவிட்ட மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940-இல் அதனைக் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். பின்னாளில் இந்திய நிலவியல் துறைக்குத் தலைவரான முதல் இந்தியரும் அவரே. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகிட்டு, திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரில் அணிகலப் பேழைகளும் மேசைப் பலகைகளும் செய்ததுண்டு. கள்ளங்குறிச்சியில் சிப்பியே பாறையாகக் கிடப்பதைக் காணலாம். இத்தனை கல்லிருந்தும், இதே மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எழுப்பிய கோயில் கருங்கல்லால் ஆனது. சுண்ணாம்பு நாட்டுக்கு வெளியிலிருந்து அத்தனை கல்லையும் இழுத்துவரச் செய்தான் அவன்.

சோழன் வேண்டாமென்று விட்ட கல்லை இருபதாம் நூற்றாண்டு விடவில்லை. 1939-இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை ஏற்பட்டது. அவ்வூருக்கு ஆலை முதலாளியின் பெயர் சூட்டப்பட்டதை எதிர்த்து 1953-இல் நடந்த போராட்டத்தைத் தமிழர் மறவார். 1979-இல் அரியலூரில் அரசின் ஆலை வந்தது. இன்று ஆலைகள் பல. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு அரைத்து 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால் சிமெண்டின் மூலக்கட்டி கிடைக்கும். ஆலையைப் பழிப்பது எளிது. நாம் குடியிருக்கும் வீடும் தொழும் பள்ளியும் அச்சிமெண்டால் ஆனவையே. சுரங்கம் தோண்டியதால்தான் பல படிவுகள் கண்ணுக்குத் தெரிந்தன என்பதும் உண்மை. ஆனால் தோண்டிய வேகத்தில், எதை அரைக்கிறோம் என்று பார்க்க ஆளில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் எழுதப்பட்ட ஏட்டை ஒரு தலைமுறை முழுதுமாய் அரைத்துத் தீர்த்துவிடுவதற்கு எந்த நியாயமும் சொல்ல இயலாது. ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு பக்கச் சுவரையேனும் வெட்டாமல் நிறுத்திவைக்கும்படி அரசு விதிக்கலாம்; அதனால் எந்த ஆலையும் நொடித்துப்போகாது.

அழிவு ஆலையால் மட்டும் வருவதுமன்று. கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-இல் புருகத்காயசாரஸ் என்று பெயரிட்டனர். உலகில் நடமாடிய விலங்குகளிலேயே பெரியவற்றுள் ஒன்றாக அது இருக்கக்கூடும் என்று கருதுவோர் உளர். ஈரம் ஏறிய அவ்வெலும்புகள் காலப்போக்கில் பொடிந்து உருவிழந்துவிட்டன. வரைபடங்களும் சில நிழற்படங்களுமே எஞ்சின. எனவே இவ்விலங்கின் அளவு இதுதான் என்று யாரும் இனி அளந்து சொல்வதற்கில்லை.

அரியலூருக்கருகே வாரணவாசியில் இப்போது கல்லுயிர்க் காட்சியகம் ஒன்று உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அதை முதலில் காட்டிவிட்டு, பிறகு சாத்தனூருக்கும் காரைக்கும் போவது நலம். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. காரையில் நிழலில்லை, குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். சிப்பிக்கல் ஒன்றைப் பிள்ளை கையிலெடுத்து, “இது எப்படி இங்கே வந்தது?” என்று கேட்கும். விடை சொல்லிவிட்டு, கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.