இரும்புப் பெட்டகத்துக்கு ஒரு போல்கா

1869-இல் வியன்னாவின் வெர்ட்ஹைம் நிறுவனம் தன் 20,000-வது இரும்புப் பெட்டகத்தைச் செய்து முடித்தது. அந்தக் கொண்டாட்டத்துக்காக இசையமைப்பாளர் யோசெஃப் ஸ்ட்ராஸ் ஒரு போல்கா எழுதிக் கொடுத்தார். பெயர் ‘ஃபாயர்ஃபெஸ்ட்’. நெருப்பு தீண்டாதது என்று பொருள். வயலின்கள் ஓடும் ஓட்டத்துக்கு நடுவே பட்டறைக்கல்லில் சுத்தியல் விழும் ஓசை, தாளம் பிசகாமல் வந்து விழும்.

பெட்டகத்துக்கு நாட்டிய இசை என்பது அன்றைய வியன்னாவில் புதுமையே அல்ல. ஜனவரியில் தொடங்கித் தவக்காலம் வரும்வரை ஃபாஷிங் என்னும் கொண்டாட்டப் பருவம். வழக்கறிஞர், மருத்துவ மாணவர், பத்திரிகையாளர் என்று ஆளுக்கொரு நடன விருந்து நடத்துவார்கள். அங்கே போன வருடத்து உருப்படி எடுபடாது. தங்கள் பெயருக்கென்றே புதிதாக ஒன்று வேண்டும். 1860-இல் பொறியியல் மாணவர்களின் விருந்துக்கு யோசெஃபின் அண்ணன் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் தந்த வால்ட்ஸ், இயந்திரச் சக்கரம் போல மெல்லச் சுழலத் தொடங்கி வேகம் பிடிக்கும். 1864-இல் பத்திரிகையாளர்களுக்கு அவர் கொடுத்தது ‘காலைப் பத்திரிகைகள்’. அதே விருந்துக்கு இசையமைப்பாளர் ஆஃபன்பாக் கொடுத்த வால்ட்ஸோ ‘மாலைப் பத்திரிகைகள்’! ரயில், தந்தி, வெடிபஞ்சு என ஊரில் எது பேச்சானாலும் சில வாரங்களில் அது நடனமேடைக்கு வந்துவிடும்.

சொல்லி வைத்து எழுத வாங்கிய இசைதானே என்று இதை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அது பெரும் பிழை. கால்கள் காத்திருக்கின்றன, நாள் குறித்தாகிவிட்டது. அந்த நெருக்கடிதான் இந்த இசைக்கு உயிர் கொடுத்தது.

ஆனால் அது ஆளையும் தின்றது. மூத்த யோஹான் ஸ்ட்ராஸ், மகன் இசைக்கு வரவே கூடாது என்று தடுத்தவர். மகனோ 1844 அக்டோபரில், 19 வயது நிரம்புவதற்குப் பத்து நாள் முன்பு, டொம்மையர் அரங்கில் சொந்தக் குழுவோடு மேடையேறினார். ஐந்து வருடத்தில் தந்தை இறந்தார். தந்தையின் குழுவும் மகனின் குழுவும் ஒன்றாகி, சுமை முழுவதும் மகன் தோளில் இறங்கியது. 1853-இல் அவர் உடல் நொறுங்கிப்போக, தம்பி யோசெஃபைக் கூப்பிட்டார்கள். யோசெஃப் பொறியாளர், தெருக் கூட்டும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தவர். அண்ணன் குணமாகும்வரை என்று வந்தவர், பிறகு இசையை விட்டு மீளவே இல்லை. 1870-இல், 42 வயதில், இறந்தும் போனார். அந்தக் குடும்பத்தில் மனத்தைக் கனக்கச் செய்யும் மெட்டுகள் பலவும் இவருடையவை.

கடைசித் தம்பி எடுவர்ட் 1901-இல் குழுவைக் கலைத்தார். 1907-இல், குழு தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த இசைத்தாள் கட்டுகளை உலையில் போட்டு எரிக்க வைத்தார். கையெழுத்துப் படிகள், பிறர் இசையைக் குழுவுக்கென மாற்றி எழுதிய தாள்கள் எல்லாம் சாம்பலாயின. அச்சேறியவை தப்பின. ‘ஃபாயர்ஃபெஸ்ட்’ முன்பே அச்சேறியிருந்தது.