குரோம்பேட்டையும் மாட்டுத்தோல் ஏற்றுமதியும்

குரோம்பேட்டை, பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள சென்னைப் புறநகர். இங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையின் பெயரே ஊர்ப்பெயராயிற்று.

19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணம், ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலைப் பிரிட்டனுக்கு அனுப்பியது. அதைக் காலணியாக்கும் வேலையும் வருவாயும் அந்நாட்டுக்கே சென்றன. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன், குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்தார். கிணற்றுநீர் இறைக்கும் கவலைக்கு, நீரில் எளிதில் கெடாத தோல் வேண்டும் என்பது அவரது நோக்கங்களுள் ஒன்று. ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் கம்பெனி இம்முறையைத் தொழிலாக வளர்த்தது.

1970களில் இந்திய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணிகளும் கூடுதலாகக் கப்பலேறின. வேலைவாய்ப்பு உள்ளூரில் பெருகியது. கழிவும் உள்ளூரிலேயே தங்கியது. நீரையும் நிலத்தையும் மாசுபடுத்திய தமிழகத் தோல் ஆலைகள் இழப்பீடு தரவேண்டுமென 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.