மெழுகில் பதிந்த குரல்கள்

ஒரு சமுதாயத்தின் வரலாறு ஏட்டில் மட்டும் தங்குவதன்று. பாடுவோரின் நாவிலும், கதை சொல்லும் முதியோரின் நெஞ்சிலும் அது தங்குகிறது. அந்நாவும் நெஞ்சும் மண்ணுள் மறைந்தபின் அதனைக் காப்பவர் யார்? காப்பவர் கைக்குச் சென்றபின் அது யாருடைய உடைமை? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர், அமெரிக்கப் பூர்வகுடியினருள் ஒருவரான பாசமக்வாடி மக்களின் வரலாற்றை அறிதல் நலம்.

மெய்ன் மாநிலத்தின் கீழ்த்திசைக் கடலோரத்திலும், அதனையடுத்த கனடா நாட்டுப் பகுதியிலும் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் இவர்கள். 1890ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியுடன் அங்குள்ள கேலஸ் என்னும் ஊருக்கு வந்தார். தென்மேற்கே வாழும் ஸூனி மக்களிடம் செல்லுமுன் அக்கருவியைச் சோதித்தறிவதே அவர்தம் நோக்கம். நோயல் ஜோசப்ஸ், பீட்டர் செல்மோர் முதலானோர் பாடியும் பேசியும் காட்ட, மெழுகு உருளைகளில் அவர்தம் குரல் பதிந்தது. ஓர் உருளை இரண்டு மூன்று நிமிடங்களே கொள்ளும். களத்திற்கே சென்று மக்களின் வழக்காறுகளை ஒலியாகப் பதிந்த முதன்முயற்சிகளுள் இது தலையாயது. அவ்வுருளைகளுள் 31 இன்றும் எஞ்சியுள்ளன.

அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்து, 1970இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. மெழுகோ பூஞ்சை பிடிப்பது. ஒவ்வொரு முறை ஒலிக்கச் செய்யும்போதும் தேய்வது. ஆதலின் 1979இல் அந்நூலகத்தார் பழைய உருளைகளை ஒலிநாடாவில் படியெடுக்கும் பெரும்பணியைத் தொடங்கினர். அப்படிகளை உரிய குடியினரிடம் சேர்ப்பித்தனர். காப்பகம் இல்லையேல் இக்குரல்கள் இன்று இல்லை. இதனை நன்றியுடன் ஒப்புதல் வேண்டும்.

எனினும், பேணுதல் வேறு, உரிமை வேறு. காப்பகப் பதிவேட்டில் பதிந்தவர் பெயர் முன்னின்றது; பாடியவர்தம் சமுதாயத்திற்கு அதில் சொல்லுரிமை இல்லை. பாட்டின் பொருளறியாதார் இட்ட தலைப்புகளும் பிழைபட நின்றன. பின்னாளில் புதிய கருவிகளால் ஒலி தெளிவுறவே, பாசமக்வாடி மொழியறிந்த முதியோர் செவிமடுத்துப் பாடல்களை எழுத்தில் வடித்தனர். தம் மொழியிலேயே தலைப்பும் தந்தனர். 2018இல் நூலகத்தார் அவற்றைத் தம் பதிவேட்டில் ஏற்றதுடன், அம்மக்கள் வகுத்த அடையாளக் குறிப்புகளையும் சேர்த்தனர். அவற்றுள் ஒன்று, ‘மா யுத் மொனுவாசியு’ என்பது. ‘இது விற்பனைக்குரியதன்று’ என்பது அதன் பொருள்.

இவ்வுரிமை மறுக்கப்படின் விளைவது யாது? அரிசோனா மாநிலத்தின் ஹவசுப்பாய் மக்கள், நீரிழிவு நோய் ஆராய்ச்சிக்கென நம்பி 1990 முதல் தம் குருதியை அளித்தனர். அதுவோ, அவர்கள் இசையாத பிற ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. 2004இல் அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 7 இலட்சம் டாலர் இழப்பீடும், எஞ்சிய குருதி மாதிரிகளும் அவர்களுக்குக் கிடைத்தன. பொருள் மீண்டது, இழந்த நம்பிக்கை அத்துணை எளிதில் மீளுமா?

இத்தகைய பட்டறிவின் பயனாகவே, பூர்வகுடியினர் பற்றிய தரவுகளுக்கென 2019இல் நான்கு நெறிகள் உலகளவில் வகுக்கப்பட்டன. சமுதாயத்தின் கூட்டு நலன், அதன் ஆளுகையுரிமை, ஆராய்வோரின் பொறுப்பு, அறம் என்பன அவை.

ஆகவே, காப்பகத்தின் கடமை பூட்டிவைத்தலோடு முடிவதில்லை. சிதையாமல் காத்தல், உரியாரிடம் படி சேர்த்தல், அவர்தம் சொல்லால் பெயரிடல், எதனை யார் கேட்கலாம் என்பதில் அவர்தம் விருப்பத்தை மதித்தல் ஆகிய நான்கும் அதன்பாற்பட்டவை. அமானிதமாக வந்த பொருளை நன்கு காத்தவர், காத்த காரணத்தால் அதற்கு உரியவராகிவிடுவதில்லை. 1890இல் பாடியவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அப்பாடல்களைக் கற்று மீண்டும் பாடுகின்றனர். அந்த 31 உருளைகளைக் காத்ததன் பயன் அதுவே.