கல்யாணம் பண்ணிப் பார்... கணக்குப் போட்டுப் பார்!

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அப்பாகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். "கல்யாணத்த ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே முடிச்சுக்கலாம்ப்பா. ரெண்டு வீட்டு ஆளுங்க ஒரு அம்பது பேர், ஒரு வேளைச் சாப்பாடு. போதும்ல?"

கத்துவார்னு நினைச்சேன். கத்தலை. பீரோவைத் திறந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துட்டு வந்து என் மடியில போட்டார். "அப்ப இத என்ன பண்ணச் சொல்ற தம்பி?"

அது அவர் போட்ட மொய் எழுதி வெச்சிருக்கிற நோட்டு. முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அதுக்குக் கீழே ஊர் வாரியா பேரும் தொகையும். 2016ல அக்கா கல்யாணத்துக்கு வந்த மொய்யை எல்லாம் திருப்பிப் போட்டு, அதுக்கு மேலயும் போட்டிருக்கார். திரும்பி வரவேண்டிய ஒரே விசேஷம் என் கல்யாணம்தான். நான் அம்பது பேர்ல முடிச்சுட்டா அந்த நோட்டு வெறும் பேப்பர்.

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு சனி ஞாயிறுல உட்கார்ந்து, நம்ம ஊர்ல கல்யாணச் செலவை யார் யார் எப்படியெல்லாம் குறைக்கப் பார்த்தாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். கல்யாணம் ஆகாத மக்களுக்கு உபயோகப்படும். ஆனவங்க பெருமூச்சு விட்டுக்கலாம்.

மொய்: வட்டியில்லா சேமிப்பு

மொய்யை நாம ஏதோ அன்பளிப்புன்னு நினைச்சுக்கறோம். அது கணக்குங்க. உன் வீட்டு விசேஷத்துக்கு நான் 500 போட்டா, என் வீட்டு விசேஷத்துக்கு நீ அதைத் திருப்பணும், மேல கொஞ்சம் சேர்த்தும் வைக்கணும். அந்த 'மேல கொஞ்சம்' இருக்கிற வரைக்கும் கணக்கு முடியாது. யாரோ ஒருத்தர் எப்பவும் கடன்காரர், உறவும் அறுந்துபோகாது. எங்க பக்கம் இதுக்குப் பேரே 'செய்முறை'.

பேங்க் வாசலை மிதிக்காத ஜனங்களுக்கு இது பெரிய விஷயம். ஒரு குடும்பம் தனியா தாங்க முடியாத செலவை, முன்னூறு குடும்பம் பல வருஷத்துக்குப் பிரிச்சுக்குது. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கல்யாணமே தேவையில்லை. ஆடி மாசம் பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கி 'மொய் விருந்து'ன்னு தனியாவே நடத்துறாங்க. மதுரைப் பக்கம் மொய்யை லேப்டாப்புல ஏத்தி அங்கேயே பில் அடிச்சுக் குடுக்கறாங்க. (நான் பொழைக்கிறதும் டேட்டாபேஸ்லதான். இந்த வேலைக்கு ஊர்லயே இருந்திருக்கலாம் போல.)

இதுல ஒரு சிக்கல். போட்ட காசை எடுக்கணும்னா பெருசா விசேஷம் வெச்சே ஆகணும். முன்னூறு குடும்பம் வந்தாத்தான் முன்னூறு மொய். வந்தவங்களுக்குச் சோறு போடணும், சோறு போட மண்டபம் வேணும். சேமிப்பை எடுக்கவே செலவு பண்ணணும்ங்கற திட்டம் உலகத்துல வேற எங்கயாவது இருக்கான்னு தெரியலை.

1928: எங்க ஊருக்குப் பக்கத்துல

செலவைப் பிரிச்சுக்கிற வழி அது. செலவையே வெட்டுற வழி? அதுக்கு அருப்புக்கோட்டை பக்கத்துல இருக்கற சுக்கிலநத்தத்துக்குப் போகணும். எங்க ஊர்லேர்ந்து பைக்ல போற தூரம்தான், ஆனா இந்த விஷயம் எனக்கு இருபத்தெட்டு வயசுலதான் தெரியுது.

1928 மே 28ந் தேதி, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அந்த கிராமத்தில் பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம் நடந்தது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று பதிவாகியிருப்பது அதுதான். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, புரியாத மந்திரம் இல்லை. அடுத்தடுத்த வருஷங்களில் இது ஒரு வழக்கமாகவே பரவியது. மாலை மாற்றி, ஒப்பந்தம் சொல்லி, தலைவர்கள் நாலு வார்த்தை பேசினால் கல்யாணம் முடிந்தது.

நாம இதைச் சாதி, சடங்கு, பெண்ணுரிமைன்னு மட்டும்தான் படிச்சிருக்கோம். அதெல்லாம் உண்மைதான். ஆனா சிக்கனமும் அந்தப் பிரச்சாரத்துல ஒரு முக்கியமான அம்சம். நாள்கணக்குல நடக்கிற சடங்குக்கும் தட்சணைக்கும் நிலத்தை அடமானம் வெச்சுட்டு, அப்புறம் ஆயுசு பூரா வட்டி கட்டுறதைத்தான் அவங்க கேள்வி கேட்டாங்க. ராகு காலத்துலயும் ராத்திரியிலயும் கல்யாணம் நடத்திக் காட்டினாங்க. அவங்களுக்கு அது மூடநம்பிக்கை ஒழிப்பு. மண்டபத்துக்கு அலையற எனக்கு அது வேற மாதிரி தெரியுது. எல்லாருக்கும் ஒரே முகூர்த்த நாள் வேணும்னா மண்டபம், சமையல், மேளம்னு எல்லாமே விலை ஏறத்தான் செய்யும். நல்ல நாள்ங்கற நம்பிக்கையை விட்டா, விலையும் கொஞ்சம் இறங்கி வரும்.

ஆனா சிக்கனக் கல்யாணத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1953ல் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், இப்படி நடந்த திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமும் இல்லை என்பதுதான் காரணம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இருபத்தஞ்சு வருஷமா இந்த முறையில கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டியோட வாழ்ந்தவங்க எல்லாருக்கும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? மனைவின்னு சொல்ல, அப்பா சொத்துல பங்கு கேட்க, எல்லாத்துக்கும் சந்தேகம் வந்துடுச்சு.

1955ல் வந்த இந்து திருமணச் சட்டமும் சடங்குகளைத்தான் கேட்டது. 1967ல் அண்ணா முதலமைச்சரான பிறகு 7ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ரெண்டு பேரும் தங்களுக்குப் புரியும் மொழியில் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். முக்கியமான விஷயம், ஏற்கனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்று அந்தப் பிரிவு சொன்னது. நாப்பது வருஷமா தொங்கலில் இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் கல்யாணம் 'ஆனது'.

தங்கம்: அரசாங்கமும் கைவைத்துப் பார்த்தது

சடங்கு செலவு குறைஞ்சா போதுமா? பெரிய செலவு நகை ஆச்சே! 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புது நகையை 14 கேரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றார்கள். அதாவது நூறு பங்கில் 58 பங்குதான் தங்கம். சீனப் போர் முடிந்த நேரம், அந்நியச் செலாவணி தட்டுப்பாடு, தங்கக் கடத்தல் வேறு. மக்களுக்குத் தங்க ஆசை குறையும் என்று எதிர்பார்த்தார்கள்.

ஆசை குறையலை. நகை செய்யுற ஆசாரிகள் பிழைப்புதான் போச்சு, தற்கொலைகள் நடந்தன. 1966ல் 14 கேரட் விதியை எடுத்தார்கள். 1968ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990ல் ரத்தானது.

ஏன் தோத்தது? சொத்துல பங்கில்லாத பொண்ணுக்கு, அவ கையோட எடுத்துட்டுப் போக முடிஞ்ச ஒரே சொத்து நகைதானே! 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989ல்தான் வந்தது. அறுபது வருஷம்! அதிலும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. இது புரியாம "எதுக்கும்மா இவ்ளோ நகை"ன்னு அம்மாகிட்ட நான் பலதடவை நக்கலடிச்சிருக்கேன். (இனிமே வாயைத் திறக்க மாட்டேன்.)

அதே 1989ல் அரசாங்கமே மொய் எழுத ஆரம்பித்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு 5,000 ரூபாய் திருமண உதவி. 2011ல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது, 2016ல் அது 8 கிராம் ஆனது. 2022ல் அந்தத் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் படிக்க மாசம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குச் சேர்த்த காசு படிப்புக்குப் போகுது.

திரும்பவும் நோட்டுக்கு

இவ்வளவு படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். கல்யாணச் செலவு மாப்பிள்ளையோ பொண்ணோ தனியா எடுக்கிற முடிவே இல்லை. அதுல ஊர்க்காரங்க காசு இருக்கு, பொண்ணோட பங்கு இருக்கு, சட்டம் இருக்கு. ஒரு பக்கம் வெட்டினா இன்னொரு பக்கம் யாருக்கோ வலிக்குது.

அக்கா கல்யாணத்துக்கு அப்பா ரெண்டு வட்டிக்கு மூணு லட்சம் வாங்கினார். மாசம் 6,000 வட்டி மட்டும். எனக்கு வேலை கிடைச்சு, 2021ல்தான் அதை முழுசா அடைச்சோம். அஞ்சு வருஷமா அப்பா தீபாவளிக்குச் சட்டை எடுத்துக்கலை. அதை இன்னொரு தடவை பார்க்க என்னால முடியாது. நான் அம்பது பேர்னு சொன்னதுக்குக் காரணம் அதுதான், சிக்கனக் கொள்கை எல்லாம் இல்லை.

நோட்டை எக்ஸெல்ல ஏத்தினேன். வரவேண்டியது கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் லட்சம். ஒரு வரியில ஒரு பாட்டி பேருக்கு நேரா வெறும் 50 ரூபாய். "இவங்ககிட்ட எங்கப்பா திரும்பி வரும்?"னு கேட்டேன். "அந்தப் பாட்டி அக்கா கல்யாணத்துக்கு 20 ரூபா போட்டுச்சு. அதுக்கு அது ஒரு நாள் கூலி மாதிரி. அது வரணும், உக்காந்து சாப்புடணும். காசு கெடக்கு."

அதுக்கு மேல நான் பேசலை.

இப்போதைக்கு உடன்பாடு இதுதான். வளர்பிறை முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை, ஊர்லயே. ரிசப்ஷன் கிடையாது, ஒரே வேளை பந்தி, முன்னூறு இலை. மந்திரம் இல்லாம மாலை மாத்தி, அம்மாவுக்காகத் தாலியும் கட்டி, அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணிடறது. மொய் நோட்டு உண்டு. வட்டிக்குக் கடன் மட்டும் கிடையாது, அது அப்பா எனக்குக் குடுத்த வாக்கு. செலவு மூணரை லட்சத்துக்குள்ள. என் ஏலச்சீட்டு வர்ற தை மாசம் முடியுது, மிச்சத்துக்கு அது.

நகை எவ்வளவுன்னு இன்னும் முடிவாகலை. அது அவங்க வீட்டுல அவங்களே பேசி முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன்.

பி.கு.: வருங்கால தங்கமணி இதைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எங்க வீட்டு மொய் நோட்டு எக்ஸெல்ல எங்க?" அவ்வ்வ்வ்...