உணவு மருந்தான வரலாறு: ஃபீனைல்கீட்டோனூரியா

போர்க்னி எகிலண்ட் நார்வேயைச் சேர்ந்த தாய். அவருடைய இரண்டு குழந்தைகளும் பிறந்தபோது குறையொன்றும் தெரியவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல மகளின் பேச்சு சில சொற்களோடு நின்றது. மகனோ நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. இருவரின் சிறுநீரிலும் ஒருவித முடை நாற்றம் வீசியது. பார்த்த மருத்துவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த நாற்றத்துக்கும் பிள்ளைகளின் நிலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் அவர் விடவில்லை. 1934இல் ஆஸ்லோவில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். ஃபோலிங் வேதியியலும் கற்றவர். இந்த வரலாற்றின் போக்கை முடிவுசெய்தது அதுதான்.

சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சில சொட்டுகள் விட்டுப் பார்ப்பது அந்நாளில் வழக்கமான சோதனை. கீட்டோன்கள் இருந்தால் செம்பழுப்பு நிறம் வரும். இந்தக் குழந்தைகளின் சிறுநீரோ அடர்பச்சையானது. மருந்துகளின் விளைவாக இருக்கலாம் என்று எல்லா மருந்தையும் நிறுத்தச் சொன்னார், பச்சை மாறவில்லை. தாய் லிட்டர் கணக்கில் கொண்டுவந்து கொடுத்த சிறுநீரிலிருந்து ஃபீனைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் இருந்த 430 பேரைச் சோதித்ததில் மேலும் 8 பேரிடம் அதே பச்சை நிறம் தெரிந்தது. அதுவரை ஒற்றைப் பெயரில் அடைக்கப்பட்டிருந்த மனவளர்ச்சிக் குறைபாட்டிலிருந்து, உடலின் வேதிமாற்றம் பழுதாவதால் வரும் ஒரு நோய் தனியாகப் பிரிந்து நின்றது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பெயர் சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் சூட்டப்பட்டது.

புரத உணவில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசினாக மாற்ற வேண்டும். இந்தக் குழந்தைகளிடம் அந்த நொதி வேலை செய்வதில்லை என்பதை அமெரிக்காவில் ஜார்ஜ் ஜெர்விஸ் 1953க்குள் நிறுவினார். மாறாமல் தேங்கும் ஃபீனைல்அலனின் வளரும் மூளையைக் கெடுக்கிறது. தாய்ப்பாலிலும் அது இருக்கிறது.

நோய் இன்னதென்று தெரிந்தும் கைகொடுக்க யாரும் இல்லாத காலம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதை உடைத்ததும் ஒரு தாய்தான். பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெர்மானிய மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கல் ஒரு சிறுமிக்கு இந்நோய் இருப்பதைக் கண்டறிந்தார். நோயின் பெயரைக் கேட்டு அந்தத் தாய் அமைதியடையவில்லை. தினமும் காலையில் ஆய்வக வாசலில் வந்து நின்றார்; என் குழந்தைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பிக்கல் லண்டனிலிருந்த லூயிஸ் வுல்ஃபின் யோசனையை நாடினார். பால் புரதமான கேசீனை அமிலத்தால் சிதைத்து, கரியின் வழியே செலுத்தினால் ஃபீனைல்அலனின் நீங்கிவிடும் என்றார் வுல்ஃப். ஜான் ஜெராட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து பிக்கல் அந்தக் கலவையைத் தயாரித்தார்.

ஃபீனைல்அலனினை அறவே நிறுத்தியபோது குழந்தையின் எடை குறைந்தது. உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கியது. உயிர்வாழவும் வளரவும் சிறிதளவு அது வேண்டும். அளந்து கொஞ்சம் பால் சேர்த்த பிறகே நிலைமை சீரானது. சில மாதங்களில் சிறுமி தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் நின்றது.

இது உணவால் வந்த மாற்றமா, வயது ஏறியதால் வந்ததா? உறுதிசெய்ய, தாய்க்குச் சொல்லாமலேயே கலவையில் ஃபீனைல்அலனினைச் சேர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அழுகையும் தலைமோதலும் திரும்பின. பின்னர் தாயின் சம்மதத்தோடு மருத்துவமனையிலேயே அதைச் செய்து, படமும் எடுத்தார்கள். 1953இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. தாயிடம் மறைத்தது தவறு. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதற்கு ஒப்புதல் தராது. ஆனால் உணவை மாற்றுவது, அளப்பது, திருப்பிக் கொடுத்துப் பார்ப்பது என்ற அந்த முறையே உணவுமுறையை நம்பிக்கை என்ற நிலையிலிருந்து சிகிச்சை என்ற நிலைக்கு உயர்த்தியது. ஆட்டிசத்துக்குக் கோதுமையும் பாலும் நீக்கிய உணவைப் பரிந்துரைப்போர் அடிக்கடி இந்நோயை உவமை காட்டுகிறார்கள். ஆனால் ஆட்டிசத்தில் அப்படி அளக்கக்கூடிய நச்சும் இல்லை; கவனமாக நடத்திய சோதனைகளில் உறுதியான பலனும் தெரியவில்லை. அளவுகோல் இல்லாமல் குழந்தையின் தட்டிலிருந்து புரதத்தையும் கால்சியத்தையும் எடுப்பது சிறிய விஷயம் அல்ல.

அடுத்த தடை காலம். சேதமான மூளையை உணவு சரிசெய்யாது. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். பஃபலோ நகரின் நுண்ணுயிரியலர் ராபர்ட் கத்ரி இதைத் தன் குடும்பத்திலேயே கண்டவர். மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. அவர் மனைவியின் சகோதரியின் மகளுக்கு இதே நோய், தாமதமாகவே தெரியவந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய சோதனை எளிமையானது: குழந்தையின் குதிகாலில் குத்திச் சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலரவிட வேண்டும், ஃபீனைல்அலனின் மிகுந்திருந்தால் ஆய்வகத் தட்டில் பாக்டீரியா பெருகும். இதற்காக அவர் உரிமத்தொகை எதுவும் பெற்றுக்கொள்ளவில்லை. 29 அமெரிக்க மாநிலங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில் 39 பேர் கண்டறியப்பட்டனர். மாசசூசெட்ஸ் 1963இல் இதைச் சட்டமாக்கியது.

தொடக்கத்தில், மூளை வளர்ந்துவிட்டது என்று ஐந்தாறு வயதில் உணவுக்கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அது தவறான கணிப்பு. கட்டுப்பாட்டை விட்ட பெண்கள் வளர்ந்து தாயானபோது, அவர்களின் இரத்தத்திலிருந்த மிகை ஃபீனைல்அலனின் நோயில்லாத கருவையும் தாக்கியது. சிறுத்த தலையோடும் இதயக் குறைகளோடும் குழந்தைகள் பிறந்தன. இன்று வாழ்நாள் முழுவதும் உணவுக்கட்டுப்பாடு என்பதே பரிந்துரை. 2007இல் சாப்ரொப்டெரின், 2018இல் பெக்வாலியேஸ் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. முதலாவது எல்லோருக்கும் பலிப்பதில்லை.

நம் ஊரில் சர்க்கரையில்லாக் குளிர்பானப் புட்டியில் ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கை இருக்கிறது. அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமில் ஃபீனைல்அலனின் உண்டு. எச்சரிக்கை வந்துவிட்டது, எல்லாக் குழந்தைகளுக்குமான சோதனை வரவில்லை. பெங்களூரில் 1980களிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் அமினோ அமிலக் கோளாறுகள் தேடப்பட்டன. கோவாவும் கேரளமும் பின்னாளில் அரசுத் திட்டங்களைத் தொடங்கின. நாடு முழுமைக்குமான திட்டம் இன்னும் இல்லை. ஐரோப்பாவைவிட இந்தியாவில் இந்நோய் அரிது என்பது உண்மை. ஆனால் ஒடுங்கு மரபுவழி வரும் இத்தகைய நோய்களுக்கு, மாமன் மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. ஒரே வடிதாளில் தைராய்டு குறைபாட்டையும் சேர்த்துச் சோதிக்கலாம். அது இங்கே அரிதல்ல, அதற்கான மாத்திரையும் மலிவானது. பிரசவ வார்டிலேயே அந்தத் தாளைக் கட்டாயமாக்கும் வேலையைத் தமிழ்நாடு தொடங்க வேண்டும்.