அன்னமாய் வந்த மோட்டார் வண்டி

திருவிழாக் காலங்களில் நம் ஆலயங்களிலிருந்து இறைவன் வீதியுலா எழுந்தருளும் வாகனங்களுள் அன்னமும் ஒன்று. நான்முகனின் ஊர்தியாகவும், நளனுக்காகத் தமயந்தியிடம் தூது சென்ற பறவையாகவும், பாலையும் நீரையும் பிரித்தறியும் நுண்ணறிவின் சின்னமாகவும் அன்னத்தைப் போற்றி வந்தவர் தமிழர். அன்ன வாகனம் தெருமுனையில் திரும்பியதும் மக்கள் வாயிலுக்கு விரைந்து வருவர், கற்பூரம் ஏற்றுவர், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவர்.

அன்னத்தின் வடிவிலேயே வந்த மற்றொரு வாகனத்தைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடிய நிகழ்ச்சியும் இந்திய மண்ணில் நடந்ததுண்டு. அது தெய்வத்தின் வாகனமன்று. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலச் செல்வர் ஒருவரின் மோட்டார் வண்டி. 1910-இல் உருவான அவ்வண்டி இன்றும் இருக்கிறது. அது கைமாறிய வரலாற்றை நோக்கினால், வீதி யாருக்கு உரியது என்னும் வினா அதனூடே ஓடுவதைக் காணலாம்.

பிறந்த ஊர்

இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில், சஃபோக் மாவட்டத்தில், கடலை ஒட்டிய ஊர் லோவெஸ்டாஃப்ட். அங்கே 1874-இல் ஜான் வால்டர் புரூக் என்பவர் ஒரு வார்ப்படச் சாலையைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1901 முதல் 1913 வரை மோட்டார் வண்டிகளையும் செய்தது. பிற்காலத்தில் அதற்குப் பெயர் ஈட்டித் தந்தவை படகுகளும் கப்பல்களுமே. நம் கதைக்குரிய வண்டி, புரூக் நிறுவனத்தின் 25/30 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்தது.

அக்காலத்து உயர்தர வண்டிகள் இன்று போல் முழு உருவில் ஆலையிலிருந்து வெளிவந்தவை அல்ல. எஞ்சின், சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் அடிச்சட்டமாகிய சேசிஸ் ஆகியவற்றை ஒரு நிறுவனம் செய்யும். அதன் மேல் அமரும் கூட்டை, வாங்குவோர் விருப்பத்திற்கேற்பத் தச்சரும் தகட்டு வேலைக்காரரும் கையால் கட்டுவர். கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டிய கைகளே மோட்டார் வண்டிக்கும் கட்டின. 1840-இல் சென்னையில் வண்டி கட்டும் தொழிலுக்காகத் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் 1903-இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியதும் இவ்வழியில்தான்.

கூடு வாங்குவோரின் விருப்பத்தைப் பின்பற்றியது என்றேன். அந்த விருப்பம் எத்தனை தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ராபர்ட் நிக்கோல் மேத்யூசனின் வண்டியே சான்று.

அன்னத்தின் அங்கங்கள்

வண்டியின் முன்புறம் நீண்ட கழுத்தும் தலையும் அலகும் கொண்ட அன்னம். உடல் முழுவதும் மரத்தால் செதுக்கி அமைத்த வெண்சிறகுகள். பின்புறம் தாமரை மலர் வேலைப்பாடு. அதற்குத் தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது போன்ற தங்க ரேக்குப் பூச்சு. அன்னத்தின் கண்களில் மின்விளக்குகள். இருளில் அவை ஒளிர்ந்தன.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடு அலகுக்கு இணைப்பு இருந்தது. ஓட்டுநர் விரும்பும்போது அலகு திறக்கும். உள்ளிருந்து நீராவி சீறும். எதிரே கூட்டம் நின்றால் விலக்குவதற்கே இந்த ஏற்பாடு. எஞ்சின் கழிக்கும் புகையின் விசையால் ஒலிக்கும் எட்டுச் சுரங்களுடைய ஊதுகுழல் ஒன்றும் உண்டு. பின்னிருக்கையில் அமர்ந்தவர் ஆர்மோனியக் கட்டைகள் போன்ற கட்டைகளை அழுத்தி அதை இசைக்கலாம். ஓட்டுநருக்கு ஆணையிட, கப்பலின் மேல்தளத்திலிருந்து எஞ்சின் அறைக்குக் கட்டளை அனுப்பும் கருவி பொருத்தப்பட்டிருந்தது. கடலோர ஊரில் பிறந்த வண்டிக்கு அது பொருத்தமே! சக்கரங்களில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகள் இருந்தன. இவை போதாவென்று, பின்புறக் குழாயைத் திறந்தால் சுண்ணாம்புக் குழம்பு சாலையில் விழும். உண்மையான பறவை எச்சமிட்டுச் செல்வது போல் தோன்றும்.

தொழிலாளரின் கைத்திறனை எத்துணை வியந்தாலும் தகும். ஆனால் அந்தத் திறன் எதற்காக ஏவப்பட்டது என்று எண்ணுகையில் வியப்பு கசந்துபோகிறது. நடந்து செல்லும் மனிதன்மேல் வெந்நீராவி பாய்ச்சுவது ஒருவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது என்றால், அம்மனிதன் அவர் கண்ணுக்கு யாராகத் தெரிந்தான்?

கல்கத்தா வீதியில்

1910-இல் இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவே. தில்லிக்குத் தலைநகர் மாறும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பர் 12-ஆம் நாள் தர்பாரில்தான் வந்தது. அத்தலைநகரின் சாலைகளில் எழுத்தர்களும் சுமைகூலிகளும் மாட்டு வண்டிக்காரரும் ரிக்‌ஷா இழுப்போரும் நெருக்கியடித்துச் சென்ற காலம் அது.

அந்தக் கூட்டத்தின் நடுவே கண்களில் ஒளி வீச, அலகில் ஆவி சீற, அன்ன வண்டி வந்தது. மக்கள் கலங்கிச் சிதறினர்; போக்குவரத்து குலைந்தது; இறுதியில் காவல்துறை தலையிட நேர்ந்தது. வெள்ளையர் ஆட்சி நடந்த நகரில், வெள்ளையர் ஒருவரின் வண்டியை ஆட்சியின் காவலரே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. செல்வத்தின் செருக்கு ஓர் எல்லையைத் தாண்டும்போது, அதற்குத் துணை நிற்கும் அரசுக்கும் அது தொல்லையாகிவிடுகிறது.

நாபாவின் அரண்மனை

மேத்யூசன் பின்னர் வண்டியை நாபா மகாராஜாவுக்கு விற்றார். பஞ்சாபில் பாட்டியாலா, ஜீந்த், நாபா ஆகிய மூன்றும் பூல்கியான் சீக்கிய அரசுகள் என வழங்கின. நாபா அரச குடும்பத்தில் அன்ன வண்டி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இருந்தது. பெரிய அன்னத்திற்குத் துணையாக, மின்சாரத்தால் ஓடும் அன்னக் குஞ்சு ஒன்றும் 1920-ஆம் ஆண்டளவில் அங்கே உருவாயிற்று.

1911 முதல் நாபாவை ஆண்ட ரிபுதமன் சிங் சுகபோகத்தில் மட்டும் திளைத்தவர் அல்லர். இளவரசராக இருந்தபோதே மத்தியச் சட்டமன்றத்தில் சீக்கியரின் ஆனந்தத் திருமண மசோதாவை 1908-இல் கொணர்ந்தவர். அகாலிகளிடமும் தேசிய உணர்வாளரிடமும் பரிவு காட்டியவர். பாட்டியாலா மன்னருடன் அவருக்கு நேர்ந்த பூசலைப் பிரிட்டிஷ் அரசு விசாரித்தது. அதன் முடிவில் 1923 ஜூலையில் அவர் முடிதுறக்க நேர்ந்தது. அவருடைய தேசப்பற்றுக்கு விதித்த தண்டனையே இது என்று அகாலிகள் கருதினர். நாபா எல்லைக்குள் இருந்த ஜைத்தோவில் அவர்களுடைய போராட்டம் வெடித்தது.

அப்போராட்டத்தைக் காண 1923 செப்டம்பரில் ஜைத்தோ சென்ற ஜவாஹர்லால் நேருவும், ஆச்சாரியர் கித்வானியும், தமிழரான கே. சந்தானமும் கைதாயினர். நேருவின் கையும் சந்தானத்தின் கையும் ஒரே விலங்கில் பிணைக்கப்பட, விலங்கோடு கோத்த சங்கிலியைக் காவலர் பிடித்திழுக்க, இருவரும் ஜைத்தோவின் தெரு வழியே நடத்திச் செல்லப்பட்டனர். நேரு தம் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். நாபா அரசின் வீதியில் நடந்த அந்த ஊர்வலத்திற்கு அன்னமும் இல்லை, ஊதுகுழலும் இல்லை. ஆயினும் வரலாற்றில் நிலைத்த ஊர்வலம் அதுவே. அதில் ஒரு தமிழரின் கையும் பிணைந்திருந்தது நாம் மறக்கலாகாத செய்தி.

கொடைக்கானலில் ஒரு மன்னர்

முடியிழந்த ரிபுதமன் சிங்கைப் பிரிட்டிஷ் அரசு அத்துடன் விடவில்லை. 1928-இல் அவருடைய மகாராஜாப் பட்டத்தைப் பறித்து, 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதியின் கீழ்க் கொடைக்கானலுக்கு அனுப்பியது. வழக்கு மன்றத்தில் நிறுத்தாமலேயே ஒருவரைக் காவலில் வைக்க இடமளித்த சட்டம் அது. சமவெளியில் கோதுமை விளையும் நாட்டை ஆண்டவர், மொழி தெரியாத தமிழ் மலையின் மூடுபனியில் எஞ்சிய நாட்களைக் கழித்து, 1942-இல் மறைந்தார். அன்னம் வடக்கே, அதை உடைய குடும்பத்தின் தலைவர் தெற்கே! சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு அந்தத் தனிமை ஓரளவு விளங்கும். நாம் பிழைப்பு நாடிப் புறப்பட்டோம். அவரை ஓர் ஆணை புறப்படச் செய்தது.

எதிரே நிற்பவரை ஆவி சீறி விலக்கும் வண்டி எக்குடும்பத்திற்கு உரியதோ, அதன் தலைவரையே அவருடைய நாட்டினின்று ஒரு காகிதம் விலக்கியது. அதிகாரத்தின் படிகளில் மேலே நிற்பவர் எவரும் தமக்கும் மேலே ஒரு படி உண்டென்பதை நினைப்பதில்லை.

கடல் கடந்த அன்னம்

விடுதலைக்குப் பின் 1948-இல் நாபா, பாட்டியாலா–கிழக்குப் பஞ்சாப் அரசுகளின் ஒன்றியத்தில் இணைந்தது. 1971-இல் இருபத்தாறாம் அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அரண்மனை வண்டிகள் பல மூலையில் துருவேறின. வண்ணம் மங்கிக் கிடந்த அன்னம் 1991-இல் நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத் தொகுப்பைச் சேர்ந்தது. அங்கே அதைச் செப்பனிட்டுப் பழைய பொலிவை மீட்டனர். 2010-இல் தி ஹேக் நகரில் திறக்கப்பட்ட அருங்காட்சியக மாளிகையில் அன்னமும் குஞ்சும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

கோப்புகளோடு பழகும் என் போன்ற எழுத்தருக்கு, உடைமை மாற்றம் என்பது சில பெயர்களும் சில தேதிகளும்தான். அன்ன வண்டியின் பட்டியலில் ஆங்கிலச் செல்வர் ஒருவர், அரச குடும்பம் ஒன்று, அருங்காட்சியகம் ஒன்று என மூன்றே பதிவுகள். சிறகு செதுக்கிய தச்சன், கப்பல் கருவியின் மணியோசைக்குக் காது கொடுத்த ஓட்டுநன், ஆவிக்கு அஞ்சி ஒதுங்கிய கல்கத்தாவின் பாதசாரி ஆகியோருக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஆனால் அவ்வண்டி யாருக்காக விலகவேண்டும், யார் அதற்காக விலகவேண்டும் என்ற வழக்கைத் தீர்த்தவர்கள் அவர்களே. நடந்து சென்ற மக்கள் நடந்துகொண்டே இருந்தனர். வீதி இறுதியில் அவர்களுடையதாயிற்று. அலகு மூடிய அன்னம் இன்று அயல்நாட்டு மாளிகையில் அசையாமல் நிற்க, சீட்டு வாங்கியவர் எவரும் அதன் அருகே அஞ்சாமல் சென்று பார்க்கின்றனர்.